விதிப்படி அவுட், அப்புறம் ஏன் சண்டை?

2023 ஜூலை 2. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட், கடைசி நாள். இங்கிலாந்து ஜெயிக்க 371 ரன் எடுக்க வேண்டும். ஐந்து விக்கெட்டுக்கு 193 எடுத்திருந்தது. ஆஸ்திரேலியாவின் கேமரன் கிரீன் போட்ட பவுன்சருக்கு ஜானி பேர்ஸ்டோ குனிந்துகொண்டார். பந்து கீப்பர் அலெக்ஸ் கேரியின் கைக்குப் போனது. ஓவரின் கடைசிப் பந்து அது. பேர்ஸ்டோ காலால் தரையைத் தேய்த்துவிட்டு, எதிர்முனையில் நின்ற கேப்டன் பென் ஸ்டோக்ஸிடம் பேச நடந்தார். கேரியோ பந்தைப் பிடித்த வேகத்திலேயே ஸ்டம்பைப் பார்த்து எறிந்துவிட்டார். பந்து ஸ்டம்பில் பட்டது, ஆஸ்திரேலியர்கள் அப்பீல் செய்தார்கள், மூன்றாவது நடுவர் அவுட் கொடுத்தார்.

அரங்கமே கொதித்தது. மதிய இடைவேளையில் ஆஸ்திரேலிய வீரர்கள் லார்ட்ஸின் லாங் ரூம் வழியாக உள்ளே போனபோது கிளப் உறுப்பினர்களே அவர்களை ஏசினார்கள். அந்தக் கிளப்பான எம்.சி.சி. மன்னிப்புக் கேட்டது, மூன்று உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தது. இரண்டு நாட்டுப் பிரதமர்களும் இதைப் பற்றிப் பேசினார்கள். ஸ்டோக்ஸ் 155 அடித்தும் இங்கிலாந்து 43 ரன்னில் தோற்றது.

டெஸ்ட் கிரிக்கெட்டை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருப்பவருக்கு இது புரியாத புதிர். விதி அவுட் என்கிறது, நடுவரும் அவுட் என்கிறார், பிறகு சண்டை எதற்கு? இதற்குப் பதில் தேடினால் கிரிக்கெட்டின் பாதி குணம் பிடிபட்டுவிடும். முதலில் அடிப்படையான மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

பிட்ச்சின் இரு முனையிலும் ஸ்டம்புகளுக்கு முன்னால் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அதுதான் கிரீஸ். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை பேட்டோ உடம்பின் ஒரு பகுதியோ கோட்டுக்கு உள்ளே தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பேட்ஸ்மேன் பத்திரம். வெளியே இருக்கும்போது எதிரணி பெயிலை, அதாவது ஸ்டம்புகளின் மேல் வைத்திருக்கும் சிறு கட்டையை, தட்டிவிட்டால் அவுட். ரன் ஓட முயலாத பேட்ஸ்மேனை கீப்பரே தனியாக வீழ்த்தினால் ஸ்டம்பிங், மற்றபடி ரன் அவுட். பேர்ஸ்டோ ரன் எடுக்க ஓடவில்லை, எறிந்தவர் கீப்பர். அதனால் ஸ்கோர் அட்டையில் அது ஸ்டம்பிங் என்றே பதிவாகியிருக்கிறது.

அடுத்தது, பந்து எப்போது ‘செத்துப்போகிறது’ என்பது. டெட் பால் ஆகிவிட்டால் யாரும் அவுட் ஆக முடியாது. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் டெட் பால். கீப்பர் கையிலோ பௌலர் கையிலோ முடிவாக அடங்கிவிட்டால் டெட் பால். இரண்டு தரப்பும் ‘இந்தப் பந்து முடிந்தது’ என்று விட்டுவிட்டார்கள் என்பது நடுவருக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் டெட் பால். இதில் இரண்டு தரப்பும் என்பதுதான் முக்கியம். பேட்ஸ்மேன் மட்டும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டால் போதாது. முடிந்ததா இல்லையா என்று சொல்லும் அதிகாரமும் நடுவருக்குத்தான் உண்டு. லார்ட்ஸில் நடுவர் ‘ஓவர்’ என்று அழைக்கவில்லை. கேரி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கவும் இல்லை.

மூன்றாவது விஷயம் பலருக்கும் தெரியாது. கிரிக்கெட்டில் எதிரணி கேட்காமல் நடுவர் யாரையும் அவுட் கொடுப்பதில்லை. ‘ஹவ்ஸ் தட்’ என்று ஃபீல்டர்கள் கத்துவது வெறும் உற்சாகக் கூச்சல் என்று நினைக்க வேண்டாம். அதுதான் அப்பீல், விதிப்படி வைக்கும் கோரிக்கை. அதை வைத்த பிறகு திரும்பப் பெறும் உரிமையும் ஃபீல்டிங் அணியின் கேப்டனுக்கு உண்டு. நடுவர் சம்மதிக்க வேண்டும், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள் அதைச் செய்ய வேண்டும். இன்னிங்ஸே முடிந்துவிட்டதென்றால் நடுவர்கள் மைதானத்தை விட்டுப் போவதற்குள் செய்ய வேண்டும்.

விளையாட்டு விதிகளில் இப்படியொரு கதவு இருப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. நடுவர் சரியாகவே அவுட் கொடுத்திருக்கிறார், ஆனாலும் எதிரணி கேப்டன் நினைத்தால் ‘வேண்டாம், அவர் ஆடட்டும்’ என்று சொல்லலாம். கேப்டன் கையில் இந்த உரிமை இருப்பதால்தான் ஒவ்வொரு முறையும் ‘அவர் ஏன் அதைச் செய்யவில்லை’ என்று கேட்கிறார்கள்.

கிரிக்கெட் விதிகளை எழுதிப் பராமரிப்பது லார்ட்ஸில் இருக்கும் எம்.சி.சி. கிளப். 2000-ம் ஆண்டு விதிநூலில் அது ‘ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்’ என்ற முன்னுரையைச் சேர்த்தது. இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன்கள் காலின் கவுட்ரி, டெட் டெக்ஸ்டர் இருவரும் அதற்கு முன்கை எடுத்தவர்கள். விதிக்கு உட்பட்டு ஆடினால் மட்டும் போதாது, ஆட்டத்தின் பண்புக்கும் உட்பட்டு ஆட வேண்டும் என்பது அதன் சாரம். எதிராளியை மதி, நடுவரின் தீர்ப்பை ஏற்றுக்கொள் என்றெல்லாம் அது சொல்லும். ஆனால் ஸ்டம்பைத் தட்டுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அதில் நேரடியான பதில் கிடையாது. அதை அந்தந்த கேப்டனே அந்தந்த நிமிடத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

இந்தச் சண்டை ஆஷஸ் அளவுக்கே பழையது. சொல்லப்போனால் ஆஷஸ் பிறந்ததே இதிலிருந்துதான் என்று வாதிடவும் இடமிருக்கிறது. 1882-ல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் சாமி ஜோன்ஸ் ரன் ஓடி முடித்துவிட்டு, பிட்ச்சைத் தட்டிச் சரிசெய்ய கிரீஸை விட்டு வெளியே வந்தார். பந்தைக் கையில் வைத்திருந்த இங்கிலாந்தின் டபிள்யூ.ஜி. கிரேஸ் பெயிலைத் தட்டிவிட்டு அப்பீல் கேட்டார். அவுட். இங்கிலாந்துக்கு வெறும் 85 ரன்தான் இலக்கு. கோபத்தோடு பந்தெடுத்த ஃப்ரெட் ஸ்போஃபோர்த் 44 ரன்னுக்கு ஏழு விக்கெட் சாய்த்தார். இங்கிலாந்து 77-க்கு ஆல் அவுட், ஏழு ரன்னில் தோல்வி. ‘ஆங்கிலக் கிரிக்கெட் இறந்துவிட்டது’ என்று ஒரு பத்திரிகை இரங்கல் குறிப்பு எழுத, அங்கிருந்துதான் ஆஷஸ், அதாவது சாம்பல், என்ற பெயர் வந்தது.

1974-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வெஸ்ட் இண்டீஸ், இங்கிலாந்து டெஸ்டில் நடந்தது இன்னொரு வகை. இரண்டாம் நாளின் கடைசிப் பந்தை ஆடியாயிற்று. எதிர்முனையில் 142 ரன்னோடு நின்ற ஆல்வின் காளிச்சரண் பெவிலியனை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பந்தை எடுத்த இங்கிலாந்தின் டோனி கிரெய்க் ஸ்டம்பை எறிந்து வீழ்த்தினார். நடுவர் ஆட்ட நேரம் முடிந்ததாக இன்னும் அறிவிக்காததால் அவுட் கொடுத்தார். உள்ளூர் ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அன்று மாலை அதிகாரிகளும் கேப்டன்களும் கூடிப் பேசி அப்பீலைத் திரும்பப் பெற்றார்கள். காளிச்சரண் மீண்டும் ஆட வந்து 158 வரை போனார்.

இவை பழைய கதைகள். என் மனதில் ஆறாமல் இருப்பது 2006-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்தது.

இலங்கையின் இரண்டாவது இன்னிங்ஸ் சரிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் குமார் சங்கக்காரா தனியாளாகப் போராடினார். கடைசி ஆளாக முத்தையா முரளிதரன் துணைக்கு நின்றார். சங்கக்காரா 99-ல் இருந்து ஒரு ரன் தட்டினார். முரளி ஓடி வந்து கிரீஸுக்குள் பேட்டை வைத்தார், ரன் முடிந்தது. உடனே நூறு அடித்த நண்பனுக்குக் கை கொடுக்கத் திரும்பி நடந்தார். அந்த நேரம் ஃபீல்டர் எறிந்த பந்து கீப்பர் பிரெண்டன் மெக்கல்லம் கைக்கு வந்து சேர, அவர் பெயிலைத் தட்டிவிட்டார். முரளி ரன் அவுட், இலங்கை 170-க்கு ஆல் அவுட். கேப்டன் ஸ்டீபன் ஃப்ளெமிங் அப்பீலைத் திரும்பப் பெறவில்லை. 119 ரன் இலக்கை நியூசிலாந்து ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் எட்டிவிட்டது.

விதிப்படி மெக்கல்லம் செய்ததில் ஒரு குறையும் இல்லை. எறிந்த பந்து வந்துகொண்டே இருக்கும்போது அது டெட் பால் ஆகாது. முரளி கவனக்குறைவாக இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் அந்த மனிதர் இன்னொரு ரன் திருடப் போகவில்லை. நூறு அடித்தவனைக் கட்டிக்கொள்ளப் போனார். அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டம்பைத் தட்டிய காட்சி இன்றும் எனக்கு வலிக்கிறது.

மெக்கல்லத்துக்கும் அது பின்னாளில் வலித்தது. 2016-ல் லார்ட்ஸில் எம்.சி.சி.யின் கவுட்ரி நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தியபோது, அன்று செய்ததற்காக முரளிதரனிடமும் சங்கக்காராவிடமும் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சங்கக்காரா அன்று அவையில் இருந்தார். விதிப்படி செய்தது சரிதான், ஆனாலும் அன்று நான் அதைச் செய்திருக்கக் கூடாது என்று பத்தாண்டு கழித்து மேடையேறிச் சொல்வதற்கு நேர்மை வேண்டும்.

அதே மெக்கல்லம்தான் 2023-ல் பேர்ஸ்டோ அவுட் ஆனபோது இங்கிலாந்தின் பயிற்சியாளர். அன்று ஆஸ்திரேலியர்கள் மீதான தன் வருத்தத்தை அவர் மறைக்கவில்லை. அவர் மனம் மாறியிருந்தார், அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு சம்பவங்களும் ஒன்று அல்ல. முரளி ரன்னை முடித்துவிட்டு வெளியே வந்தார். அந்தக் காரணம் மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பேர்ஸ்டோ ஒவ்வொரு பந்தையும் விட்டதும் கிரீஸை விட்டு வெளியேறுவதை முந்தைய சில பந்துகளிலேயே கேரி கவனித்திருந்ததாக ஆஸ்திரேலிய கேப்டன் பேட் கம்மின்ஸ் சொன்னார். அதே ஆட்டத்தில் கீப்பராக நின்றபோது பேர்ஸ்டோவும் இப்படி எறிந்து பார்த்தவர்தான் என்பதையும் நினைவூட்டினார். எதிராளியின் பழக்கத்தைக் கவனித்து, ஏமாற்றாமல், ஒரே வீச்சில் செய்த காரியம் அது. கம்மின்ஸ் திரும்ப அழைத்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன். அழைக்காததற்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

திரும்ப அழைத்த கேப்டன்களும் இருக்கிறார்கள். 2011-ல் டிரென்ட் பிரிட்ஜில் இந்தியாவுக்கு எதிராக இயன் பெல் 137-ல் ஆடிக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்தை இயான் மார்கன் அடித்தார். எல்லைக்கோட்டருகே பிரவீன் குமார் பந்தைத் தடுத்து எறிந்தார். அது பவுண்டரி என்று நினைத்துக்கொண்டு பெல் பெவிலியன் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பந்து உள்ளே வந்து, நம்ம சென்னைக்காரர் அபினவ் முகுந்த் கையில் சேர்ந்தது. அவர் பெயிலைத் தட்டினார். மூன்றாவது நடுவர் அவுட் என்றார். தேநீர் நேரத்தில் இங்கிலாந்து கேப்டன் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸும் பயிற்சியாளர் ஆண்டி ஃப்ளவரும் இந்திய அறைக்குப் போய்க் கேட்டார்கள். தோனி அணியோடு பேசி அப்பீலைத் திரும்பப் பெற்றார்.

இடைவேளை முடிந்து களமிறங்கிய இந்தியர்களை வசைபாடிய கூட்டம், பின்னாலேயே பெல் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டியது. பெல் 159-ல் அவுட் ஆனார். இந்தியா 319 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அந்த ஒரு முடிவுக்காகப் பின்னாளில் ஐ.சி.சி. தோனிக்கு அந்தப் பத்தாண்டின் ‘ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்’ விருதைக் கொடுத்தது.

இதைவிடப் பெரிய விலை கொடுத்தவர் குண்டப்பா விஸ்வநாத். 1980 பிப்ரவரியில் பம்பாயில் பொன்விழா டெஸ்ட். இங்கிலாந்து 58 ரன்னுக்கு ஐந்து விக்கெட் இழந்து தத்தளித்தது. பிறகு வந்த பாப் டெய்லர் கீப்பர் பிடித்த கேட்ச் என்று நடுவர் அவுட் கொடுத்தார். பந்து பேட்டில் படவில்லை என்று டெய்லர் தயங்கி நின்றார். ஸ்லிப்பில் நின்ற கேப்டன் விஸ்வநாத்துக்கும் படவில்லை என்றே தோன்றியது. நடுவரிடம் போய்ப் பேசி அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் இயன் போத்தமும் சேர்ந்து 171 ரன் கூட்டினார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. இங்கே விஸ்வநாத் சலுகை எதுவும் காட்டவில்லை. தன் கண்ணுக்குத் தவறாகத் தெரிந்த தீர்ப்பைத் தனக்குச் சாதகமாக இருந்தும் ஏற்க மறுத்தார். இந்தக் கட்டுரையில் வரும் பெயர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அவர் பெயர்தான்.

இதே கேள்வி பேட்ஸ்மேனுக்கும் உண்டு. பந்து பேட்டில் உரசியது தெரிந்தால் நடுவர் சொல்லுமுன்பே வெளியேறுவதை ‘வாக்’ செய்வது என்பார்கள். எந்த விதியும் அதைக் கட்டாயமாக்கவில்லை. 2013-ல் டிரென்ட் பிரிட்ஜில் ஸ்டூவர்ட் பிராட் 37-ல் இருந்தபோது பந்து பேட்டில் நன்றாகவே உரசி, கீப்பர் கையுறையில் பட்டு, ஸ்லிப்பில் நின்ற மைக்கேல் கிளார்க்கிடம் போனது. நடுவர் அவுட் தரவில்லை. தீர்ப்பை மூன்றாவது நடுவரிடம் மறுபரிசீலனைக்கு அனுப்பும் ரிவ்யூ ஆஸ்திரேலியாவிடம் மிச்சமில்லை. பிராட் நகரவில்லை, 65 வரை போனார். இங்கிலாந்து ஜெயித்தது 14 ரன்னில். பத்து வருடம் கழித்து லார்ட்ஸில் பேர்ஸ்டோவுக்கு அடுத்து ஆட வந்து, கேரியைப் பார்த்து ‘உன்னை இதற்காகத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்’ என்கிற மாதிரி கடிந்துகொண்டவரும் பிராட்தான். விதி தனக்கு இடம் தரும்போது அதைப் பயன்படுத்துவதும், எதிராளிக்கு இடம் தரும்போது பண்பைக் கேட்பதும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். எல்லா அணியிலும், எல்லா ரசிகர் கூட்டத்திலும் இது உண்டு.

ஆகவே ஒரு சர்ச்சை வரும்போது நான் முதலில் பார்ப்பது, அவுட் ஆனவர் எதையாவது ஆதாயமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தாரா என்பதைத்தான். முரளியோ பெல்லோ காளிச்சரணோ எந்த ஆதாயமும் தேடவில்லை. பிறகு, ஃபீல்டர் ஏதாவது சொல்லியோ நடித்தோ அவரை ஏமாற்றினாரா என்று பார்ப்பேன். பந்து உண்மையில் முடிந்துவிட்டதா என்பதை நடுவர் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பழிச்சொல் மிக அதிகமாகச் சுமத்தப்பட்ட ஒரு வகை அவுட், இருப்பதிலேயே நியாயமானதாகத் தெரியும். பௌலர் ஓடி வருகிறார். அவர் பக்கத்தில் நிற்கும் பேட்ஸ்மேன், அதாவது நான்-ஸ்ட்ரைக்கர், பந்து கையை விட்டுப் போகுமுன்பே கிரீஸை விட்டு முன்னேறுகிறார். பௌலர் பந்தை வீசாமல் அந்தப் பக்க பெயிலைத் தட்டுகிறார். இதற்கு ‘மன்கட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் வினு மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி ரன் அவுட் ஆக்கினார். அதற்கு முந்தைய மாதம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் எச்சரித்துவிட்டு அதே பிரவுனை அதே முறையில் வெளியேற்றியிருந்தார். ஆகவே பிரவுனுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் சில மன்கட்டைக் கடிந்தபோது, அவர் செய்தது சரியே என்று எழுதியவர் எதிரணி கேப்டன் டான் பிராட்மன்! அப்படியிருந்தும் களங்கம் மட்டும் மன்கட் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 44 டெஸ்டில் 2,109 ரன்னும் 162 விக்கெட்டும் எடுத்தவர் அவர். 1956-ல் நம் மதராஸ் கார்ப்பரேஷன் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 231 அடித்து, பங்கஜ் ராயோடு தொடக்க விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார். 2008 வரை யாரும் தொடாத உலக சாதனை அது. இப்படிப்பட்டவரின் பெயரை ஒரு வசைச்சொல்லாகப் புழங்குவது தகாது என்று சுனில் கவாஸ்கர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பக்கம்தான் நானும்.

ஆண்கள் டெஸ்டில் இந்த அவுட் மிக அபூர்வம். மன்கட்டுக்குப் பிறகு சார்லி கிரிஃபித், யூவன் சாட்ஃபீல்ட், ஆலன் ஹர்ஸ்ட் என்று 1970-களின் முடிவுக்குள் மூன்று பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒருநாள், டி20 ஆட்டங்களில் ஒரு ரன் கூடப் பெரிது என்பதால் அங்கே கேள்வி மீண்டும் உயிர்பெற்றது. 2019-ல் ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் அஸ்வின் ஜோஸ் பட்லரை இப்படி வெளியேற்றியதும், 2022 செப்டம்பரில் லார்ட்ஸில் தீப்தி சர்மா சார்லி டீனை வெளியேற்றியதும் உலகம் முழுக்க விவாதமாயின. அஸ்வின் ஒருமுறைகூட வருத்தம் தெரிவிக்காமல் தன் கருத்தில் நின்றார். அது பிடிவாதம் என்று சிலருக்குப் பட்டது. எனக்கு அது பௌலர் இனத்துக்காக ஒருவர் பேசியதாகப் பட்டது.

2022 அக்டோபர் 1 முதல் எம்.சி.சி. இந்த விதியை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பிரிவில் வைத்துவிட்டது. பௌலர் எச்சரிக்க வேண்டும் என்ற கட்டாயம் விதியில் கிடையாது. வழக்கமாகப் பந்து கையை விட்டுப் போகும் தருணம் வரை நான்-ஸ்ட்ரைக்கர் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பௌலரின் முன்கால் கோட்டுக்குப் பின்னால் துளிகூட இல்லாமல் முன்னால் விழுந்துவிட்டால் நோ பால். அவர் எடுத்த விக்கெட் செல்லாது, எதிரணிக்கு இலவசமாக ஒரு ரன். அவரை யாரும் முதல் தடவை என்று எச்சரித்து விடுவதில்லை. அதே கோட்டைப் பக்கத்தில் நிற்கும் பேட்ஸ்மேன் ஓரடி தாண்டிப் போனால் மட்டும், தட்டிவிட்டவரைப் பண்பில்லாதவர் என்று ஏன் சொல்ல வேண்டும்?